ஓர் எருமை நீங்கலாக

செவக்காடு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையில், மேற்குப் பார்த்த ஆய்வாளர் அறையில், வெள்ளத்தாய் தன் ஆய்வேட்டின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘ஆகவே, உயிர்கள் அனைத்திலும் மனிதன் ஒருவனே சிரிக்கிறான்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, ஏழு வருடத்து வேலை முடிந்த களைப்பில் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே புல் மேய்ந்துகொண்டிருந்த, கேண்டீனுக்குப் பால் ஊற்றுகிற மாரிக்கனியின் எருமை தலையைத் தூக்கிச் சிரித்தது.

கனைப்பு இல்லை, கத்தலும் இல்லை. அடிவயிற்றில் கிளம்பி, நான்கு கால்களையும் லேசாக உலுக்கி, கழுத்துச் சங்கிலியைக் குலுங்கவைத்து மூக்கு வழியாக வெளியே வந்த அது, கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிய பெரியப்பா யாரோ ஒருவர் பக்கத்து இலைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக இருந்தது. வெள்ளத்தாய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, ஆராய்ச்சி செய்கிறவள் இப்படிச் செய்யக்கூடாது என்று தோன்றவே ஜன்னலைத் திறந்து, அந்த வரியை மறுபடி படித்தாள். எருமை மறுபடி சிரித்தது. சரிபார்ப்பதற்காக நானூற்றுப் பத்தாம் பக்கத்திலிருந்து வேறொரு வரியைப் படித்தாள். எருமை மேய்ந்தது. வெள்ளத்தாய் பேனாவை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினொரு வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். சிரிப்பைப் பற்றி அப்போது அவளுக்கு எந்தக் கருத்தும் கிடையாது. வந்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அவளுடைய அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். அதில் இருபது வருடம் ஒரே டிரைவரோடு ஒரே ரூட்டில் போய்வந்தவர். அப்பா இறந்த அன்று பாடைக்கு முன்பக்கத்து வலது தோளைக் கொடுத்தது அந்த டிரைவர்தான். சங்கு ஊதியாயிற்று, பெண்கள் மாரடித்து ஓய்ந்தாயிற்று, நாலு பேரும் தூக்கித் தோளில் வைத்தாயிற்று. ஆனால் பாடை நகரவில்லை. டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். “நடங்கண்ணே, நடங்க” என்று பின்னாலிருந்து சொன்னார்கள். டிரைவர் கண்ணீர் வழிய, முகத்தை நேரே வைத்தபடி, “அவரு இன்னும் ரைட்டு குடுக்கலையே” என்றார்.

வெள்ளத்தாய் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. அழுது அழுது வீங்கிய தொண்டையிலிருந்து, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி வந்த சிரிப்பு. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற அவள் அண்ணன் சுடலைமுத்து திரும்பிப் பார்த்து, “நீயெல்லாம் ஒரு மனுசியா, எரும” என்றான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவளை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு எல்லாம் அவள் இல்லாமலே நடந்தன. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ‘சாவு வீட்டுல சிரிச்சவ’ என்றும் மீதிப் பேர் பேரே சொல்லாமலும் அவளைக் குறிப்பிட்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். வெள்ளத்தாய் கணக்கு டீச்சர் என்பதால், அண்ணன் கேட்டதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, மனிதன் என்றால் யார் என்று சொல்லித்தருகிற துறை எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் செவக்காட்டுக்கு வந்து, நாலு வருடம் அடிப்படைப் பாடம் படித்து, பிறகு ஆய்வில் சேர்ந்தாள்.

பதினொரு வருடத்தில் அவள் கண்டுபிடித்தது இதுதான்: தான் சாகப்போவது மனிதனுக்கு மட்டுமே தெரியும், தெரிந்தும் அவன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போகிறான், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் சிரிப்பு பிறக்கிறது, வேறு எந்த உயிருக்கும் அந்தச் சந்து கிடையாது. ஆகவே சாவு வீட்டில் சிரிக்கிறவள் எருமை அல்ல, எல்லாரையும் விட மனுசி. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஆய்வேட்டில் எங்கும் அவள் எழுதவில்லை. மற்ற வரிகள் எல்லாமே அதற்காகத்தான் எழுதப்பட்டிருந்தன.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தேவசகாயம் முப்பது வருடமாக நகைச்சுவையின் இயல்பைப் பாடம் நடத்துகிறவர். நாகர்கோவில்காரர். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு துணுக்கு சொல்லுவார். யாராவது சிரித்தால், “இப்போ நீங்க செஞ்சது என்ன?” என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததுமில்லை.

“சார், மாரிக்கனியோட எருமை சிரிக்குது” என்றாள் வெள்ளத்தாய்.

“எதுக்கு?”

“என் முடிவுரைக்கு.”

தேவசகாயம் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். எருமையை நன்றாகப் பார்த்துவிட்டு, துறைத்தலைவருக்கு உரிய குரலில், “மனிதன் பகுத்தறிவுள்ள உயிர்” என்றார். எருமை சிரித்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்ல காது அதுக்கு” என்றார். “வெள்ளத்தாய், அடுத்த மார்ச்சோட நான் ஓய்வு. அதுக்குள்ள வாய்மொழித் தேர்வு முடியணும். முடியலன்னா நீங்க வேற நெறியாளரைத் தேடணும், இந்தத் துறையில வேற ஆளும் இல்ல. அதனால எருமைக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டுருங்க.”

“அடிக்குறிப்பா சார்?”

“மறுக்க முடியாததை அடிக்குறிப்புல போடறதுதானே நம்ம மரபு.”

அப்படித்தான் ஆய்வேட்டின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ‘மனிதன் ஒருவனே சிரிக்கிறான்’ என்ற வரிக்கு மேலே ஒன்பது என்று ஒரு சின்ன எண்ணும், பக்கத்தின் அடியில் அதைவிடச் சின்ன எழுத்தில் ‘ஓர் எருமை நீங்கலாக’ என்ற குறிப்பும் வந்து உட்கார்ந்தன.

எருமை சிரிப்பது ஒரு வாரத்துக்குள் வளாகம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. முதலில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதற்கு ஜோக் சொன்னார்கள். சினிமாக் காமெடியை நடித்துக் காட்டினார்கள். ஒருவன் வாழைப்பழத் தோலில் வேண்டுமென்றே வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஜோக்குக்கெல்லாம் அது சிரிக்காது என்பதும், யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கனமாக ஒன்றைச் சொன்னால் மட்டுமே சிரிக்கும் என்பதும் புரிய அவர்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். கேமராவில் புல் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் பதிந்தது, நேரில் நின்றவர்களுக்கே சிரிப்பு கேட்டது, அதனால் அவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். எமனுடைய வாகனம் சிரித்தால் யாருக்கோ ஆள் அனுப்பியாயிற்று என்று அர்த்தம் என ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏழு வாரம் செவக்காட்டில் ஒரு சாவும் விழாததால் அந்தப் பேச்சும் அடங்கிப்போயிற்று. தமிழ்த்துறையார் இந்தச் சிரிப்பு தொல்காப்பியம் நகைக்குச் சொல்கிற எள்ளலில் சேருமா பேதைமையில் சேருமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரே டீ மேசையில் முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்கள்.

பதிவாளர், ‘வளாகத்தினுள் அலுவல் நேரத்தில் கால்நடை சிரிப்பது குறித்து’ என்று பொருள் எழுதி, விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அனுப்பினார். மாரிக்கனி, குறிப்பாணை எருமையைப் பற்றியது என்பதால் எருமையிடமே படித்துக் காட்டிவிடும்படி சொல்லிவிட்டாள். அலுவலக உதவியாளர் வேப்பமரத்தடியில் நின்று சத்தமாகப் படித்தார். ‘மாண்பமை’ என்ற சொல் வந்ததும் எருமை சிரித்தது. உதவியாளர் மேலே படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் மனிதன் எதற்கும் பழகிக்கொள்கிறவன் அல்லவா, கார்த்திகை பிறப்பதற்குள் எல்லாரும் எருமையைத் தங்கள் தங்கள் பாட்டில் உபயோகிக்கத் தொடங்கியிருந்தார்கள். பேராசிரியர்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கு முன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் வாக்கியத்தையே குறைத்துக்கொண்டார்கள். பொருளாதாரத் துறையில் ஒருவர் ‘எனக்கு இது சரியாகத் தெரியாது’ என்று வகுப்பில் சொன்னதாகவும், மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டியதாகவும் பேச்சு. துணைவேந்தரின் பேச்சு நாற்பது நிமிடத்திலிருந்து நாலு நிமிடத்துக்கு வந்தது. வெளியூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை எருமைக்கு முன்னால் கூட்டிவந்து, “இப்பச் சொல்லுங்க, பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுன்னு” என்றார்கள். மூன்று சம்பந்தம் முறிந்தது, ஒன்று நிலைத்தது. நிலைத்ததில் மாப்பிள்ளையின் அப்பா, “கிடையாதுன்னு சொல்ல முடியாது, குறைச்சுக்கிட்டு வாறான்” என்று சொன்னவர்.

இத்தனையையும் மேற்கு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய்க்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஊரே கொண்டாடுகிற அந்தச் சிரிப்பு ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், பதினொரு வருடமாகச் சுவர் வைத்துச் சுவர் வைத்துக் கட்டிய வீட்டில் ஒரு செங்கல் உருவப்படுவது மாதிரி இருந்தது. சிரிப்பு எருமைக்கும் உண்டு என்றால், அன்றைக்கு அண்ணன் சொன்னது வசவில்லை, சரியான விடை.

வாய்மொழித் தேர்வு மார்ச் இருபத்து மூன்று என்று முடிவானதும் அவள் மாரிக்கனியைத் தேடிப்போனாள். மாரிக்கனி கேண்டீனுக்குப் பால் ஊற்றிவிட்டு, தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எருமைய வேற பக்கம் கட்டுறீங்களா?”

“ஏன் டீச்சர், உங்கள என்ன செஞ்சிச்சு அது?”

“என் படிப்பு அன்னைக்குத்தான் முடியுது. அது சிரிச்சா முடியாது.”

மாரிக்கனி கொஞ்சம் யோசித்தாள். “அது அங்கதான் போகும் டீச்சர். உங்க துறைப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்ல பாருங்க, புல்லு அந்த வளத்தி வளந்து கெடக்கு. வேற எங்க இருக்கு அப்படிப் புல்லு?” பிறகு வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, பாக்கேன்” என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி, நாற்பது பேர் உட்காரக்கூடிய கருத்தரங்கக் கூடத்தில் நானூறு பேர் வந்து நின்றார்கள். வெள்ளத்தாயின் ஆய்வைக் கேட்க வந்தவர்கள் யாருமில்லை. சிரிப்பைப் பற்றிய ஆய்வுக்கு எருமை சிரிக்குமா என்று பார்க்க வந்தவர்கள். ஜன்னலோரம் இடம் பிடிக்க நெரிசல். வெளித்தேர்வாளர் பேராசிரியை பாகீரதி தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். வெள்ளை முடி, கையில் ஒரு பென்சில், ஆய்வேட்டில் நூறு இடத்தில் காகிதத் துண்டு சொருகியிருந்தார். வெள்ளத்தாய் பேச எழுந்தபோது மூன்றாவது வரிசையில், கையில் மஞ்சள் பையோடு, தலை பாதி நரைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். சுடலைமுத்து. மகளுக்குக் கல்யாணம் வைத்து, இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வந்தவன், வந்ததோடு எருமையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டத்தோடு நுழைந்து, மேடையில் தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தான்.

வெள்ளத்தாய் முதல் பக்கத்தைப் புரட்டினாள். கூட்டம் ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே புல் மட்டும் இருந்தது.

மாரிக்கனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். அவளுக்குத் தெரிந்து அந்த அளவுக்குப் புல் வளர்ந்திருந்த இன்னொரு இடம், நிர்வாகக் கட்டிடத்தின் பின்புறம், ஆட்சிக்குழுக் கூடத்து ஜன்னலுக்குக் கீழே. அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டு, தேர்வைப் பார்க்க இங்கே வந்து கதவோரம் நின்றாள். அன்று காலை ஆட்சிக்குழுவின் முப்பத்தொரு தீர்மானங்களும் வாசிக்கப்படவிருந்தது அவளுக்குத் தெரியாது. வெள்ளத்தாய் முன்னுரையின் இரண்டாம் பத்திக்கு வந்தபோது தூரத்தில் முதல் சிரிப்பு கேட்டது. ஒரு நிமிடத்தில் இன்னொன்று. பிறகு விட்டுவிட்டு, பிறகு விடாமல். கூடத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; பின்வரிசை நழுவியது, நடுவரிசை எழுந்தது, கடைசியில் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டதும் ஜனம் ஒரு பக்கமாகப் போகுமே அந்த மாதிரி நானூறு பேரும் நிர்வாகக் கட்டிடத்தைப் பார்த்துப் போய்விட்டார்கள். அன்று முப்பத்தொன்றில் இரண்டு தீர்மானங்கள்தான் நிறைவேறின என்பது பிறகு தெரிந்த செய்தி. ஒன்று குடிநீர்க் குழாயைச் சரிசெய்வது, மற்றது கூட்டத்தை முடித்துக்கொள்வது.

கூடத்தில் வெள்ளத்தாயோடு மிஞ்சியவர்கள் நாலு பேர். தேர்வாளர், நெறியாளர், கதவோரத்தில் மாரிக்கனி, மூன்றாவது வரிசையில் சுடலைமுத்து.

“நல்லது, இப்போ காதுல விழும்” என்றார் பாகீரதி. பென்சிலை நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தார். “அடிக்குறிப்பு ஒன்பது. ‘ஓர் எருமை நீங்கலாக.’ இது போதும்னு நினைக்கிறீங்களாம்மா?”

வெள்ளத்தாய் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் பை மடியில் இறுகியிருந்தது. போதும் என்று சொல்ல வேண்டும், சொன்னால் பட்டம் கையில். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“போதாதும்மா. அந்த எருமை எட்டு மாசமா சிரிக்குது. ஏன் சிரிச்சேன்னு பதிவாளரே எழுதிக் கேட்டாரு, அது பதில் சொல்லல. சிரிச்சிட்டு மேயப் போயிருது. நான் ஒரு நாள் சிரிச்சேன், எங்க அப்பாவைத் தூக்கும்போது. பதினொரு வருசமா விளக்கம் சொல்லிட்டிருக்கேன். இந்த நானூத்திப் பன்னண்டு பக்கமும் அதுதான்.” ஆய்வேட்டை மூடினாள். “சிரிக்கிறது மனுசன் மட்டுமில்ல. சிரிச்சதுக்கு விளக்கம் எழுதுறவன்தான் மனுசன். வேற எந்த உயிருக்கும் அந்தத் தலையெழுத்து இல்ல.”

பாகீரதி பென்சிலைக் கீழே வைத்தார். “அப்பாவைத் தூக்கும்போது என்ன நடந்துச்சு?”

வெள்ளத்தாய் சொன்னாள். டிரைவர் நின்றது, பின்னாலிருந்து நடங்க என்றது, ரைட்டு குடுக்கலையே என்று அவர் அழுதது. முதலில் பேசியது தேவசகாயம். முப்பது வருடம் பாடம் நடத்திய குரலில் கேட்டார்:

“அப்புறம் பாடை எப்படி நகர்ந்தது?”

வெள்ளத்தாய்க்குத் தெரியவில்லை. அவள் சிரித்த கையோடு அத்தைமார் அவளை வீட்டுக்குள் இழுத்துப்போய்விட்டார்கள். பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

“நான்தான் சொன்னேன்” என்றான் சுடலைமுத்து. எழுந்து நின்றிருந்தான். “ரைட்டுன்னு. வேற என்ன செய்ய? அந்த மனுசன் அசையவே மாட்டேங்காரு. வெயில் ஏறிக்கிட்டுக் கெடக்கு. கொள்ளிச்சட்டிய கையில வச்சிக்கிட்டு, திரும்பி நின்னு, பெத்த அப்பனுக்கு நான் ‘போலாம், ரைட்’டுன்னேன். அதுக்கப்புறம்தான் நடந்தாரு. சுடுகாடு வரைக்கும் துண்ட வாயில அமுக்கிக்கிட்டுப் போனேன். எல்லாரும் புள்ள என்னமா அழுதான்னாங்க.” மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “நீ சிரிச்சிட்ட. நான் எங்க போய்ச் சிரிக்க?”

கதவோரத்தில் மாரிக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தேவசகாயம் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்தார். அவருடைய தோள்கள் வெகுநேரம் குலுங்கின. அது எதுவென்று யாரும் கேட்கவில்லை. திரும்பியபோது கண்ணாடி நனைந்திருந்தது.

“நீங்க சொன்னதை ஒரு பக்கமா எழுதிச் சேர்த்துருங்க” என்றார் பாகீரதி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “உங்க அண்ணன் சொன்னதையும். அடிக்குறிப்பை மட்டும் எடுத்துராதீங்க. முழு ஆய்வேட்டிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத வரி அது ஒண்ணுதான்.”

வெளியே வந்தபோது வெயில் நெற்றியில் அறைந்தது. நிர்வாகக் கட்டிடத்துப் பக்கம் கூட்டம் இன்னும் கலையவில்லை. அண்ணனும் தங்கச்சியும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்து நிழலில் நின்றார்கள்.

“மதினி சௌக்கியமாண்ணே?”

“இருக்கா. மூட்டு வலிங்கா.” சுடலைமுத்து பைக்குள் கையை விட்டு, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தான். “மூத்தவளுக்கு. சித்திரை பன்னெண்டு.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சைக்கிள் சீட்டின் மேல் பத்திரிகையை வைத்து, எழுதப் போனவன் நிறுத்தினான். “இப்ப உன் பேருக்கு முன்னால என்னமோ போடணும்லா. என்ன அது?”

“முனைவர். ஆனா இன்னும் ஆகலண்ணே. கடுதாசி வர ஒரு மாசம் ஆகும்.”

“கல்யாணத்துக்குள்ள வந்துரும்லா.” குனிந்து எழுதினான். எழுதிக்கொண்டே கேட்டான். “முனைவருக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?”

“ரெண்டு சுழி.”

அதற்குள் மூன்று சுழி போட்டு முடித்திருந்தான். இரண்டு பேரும் அந்த எழுத்தைப் பார்த்தார்கள்.

“கல்யாணப் பத்திரிகையில அடிச்சு எழுதக் கூடாது” என்றான் சுடலைமுத்து. “ஒரு சுழி கூடத்தான இருக்கு. கெடக்கட்டும்.”

வெள்ளத்தாய் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.